பத்துக் கிலோ அரிசியோடு முதல் சவாரி: பினாங்கில் குழந்தைக்குச் சைக்கிள் இருக்கை வாங்குமுன்

என் மகன் சைக்கிளிலிருந்து விழுந்தபோது சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. லிட்டில் இந்தியாவில் ஒரு கடை வாசல். ஒற்றைக் கால் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, பின்னிருக்கையில் பதினான்கு மாதப் பிள்ளையை உட்காரவைத்து வாரைப் பூட்டிய பிறகு, கடைக்காரர் நீட்டிய வாழையிலைக் கட்டை வாங்கத் திரும்பினேன். இரண்டு வினாடி இருக்கும். எதிர்ப்புறம் ஓடிய பூனையைப் பார்க்க அவன் சாய்ந்தான். சைக்கிளும் கூடவே சாய்ந்தது. இருக்கையின் உயர்ந்த பக்கச் சுவரும் தலைக்கவசமும் அடியை வாங்கிக்கொண்டன. அவனுக்குக் கீறல்கூட இல்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அந்த இருக்கையை வாங்க நான் மூன்று வாரம் செலவழித்திருந்தேன். நிறம் பார்த்தேன், மெத்தை பார்த்தேன், விலையை ஒப்பிட்டேன். ஸ்டாண்டைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த மூன்று வாரத்தை வேறு வரிசையில் செலவழிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். முதலில் குழந்தை, அடுத்து சைக்கிள், அதற்குப் பிறகே இருக்கை.

குழந்தை உட்காரட்டும்

எத்தனை மாதத்தில் ஏற்றலாம் என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. பெரும்பாலான ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் ஒன்பது மாதம் என்று கையேட்டில் அச்சிடுகிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் ஒரு வயது முடியும்வரை வேண்டாம் என்கிறது. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்களும் ஒன்பதாம் மாதத்தைச் சப்பாணிப் பருவம் என்றார்கள். உட்கார்ந்து கைகொட்டும் வயது. ஆனால் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கைகொட்டுவதும், தலையில் கால் கிலோ கவசத்தோடு, சாலையின் ஒவ்வொரு குழிக்கும் குலுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒன்றாகா. நான் ஒரு வயதுக் கட்சி.

மாதத்தை மட்டும் பார்ப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐரோப்பியத் தரத்தின்படி செய்த இருக்கைகள் 9 கிலோவிலிருந்து தொடங்குகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஒன்பது மாத ஆண் குழந்தையின் நடுத்தர எடை 8.9 கிலோ, பெண் குழந்தைக்கு 8.2 கிலோ. ஆக, ஒன்பது மாதக் குழந்தைகளில் பாதிக்கு மேல் அந்த எடையையே தொட்டிருக்காது. அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த குழந்தை சுகாதாரப் புத்தகத்தை எடுத்துக் கடைசியாகக் குறித்த எடையைப் பாருங்கள். பிறகு பிள்ளையைத் தரையில் உட்காரவைத்துத் தலைக்கவசத்தை மாட்டிப் பத்து நிமிடம் விளையாட விடுங்கள். தலை தொங்கினாலோ முதுகு வளைந்தாலோ இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையென்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அதுவரை துணித்தொட்டிலில் மார்போடு கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டலாமா என்று ஒரு தோழி கேட்டாள். கூடாது. நீங்கள் விழுந்தால் குழந்தை உங்களுக்கு அடியில் இருக்கும்.

சைக்கிளைப் புரட்டிப் பாருங்கள்

எல்லாச் சைக்கிளும் குழந்தை இருக்கையைத் தாங்காது. கார்பன் சட்டம் உள்ளது, பின்பக்கம் அதிர்வுதாங்கி உள்ளது இரண்டையும் பெரும்பாலான கையேடுகள் நேரடியாகவே விலக்குகின்றன. பினாங்கில் பலர் வைத்திருக்கும் மடக்குச் சைக்கிளும் பெரும்பாலும் ஒத்துவராது. சக்கரம் சிறியது, கேரியர் தாழ்வானது, இருக்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய குழாயும் வேறு அமைப்பு.

பின்னிருக்கை வைத்தபின் காலைப் பின்னால் வீசி ஏற முடியாது. நடுக்குழாய் தாழ்ந்த, சேலையோடும் ஏறக்கூடிய பெண்கள் சைக்கிள்தான் இதற்கு உகந்தது. ஓட்டுகிறவர் ஆணாக இருந்தாலும். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும் உயரத்துக்குச் சீட்டை இறக்கிவிடுங்கள். மிதிக்கச் சற்றுச் சிரமம் கூடும், ஆனால் சிவப்பு விளக்கில் நிற்கும்போது அந்த இரண்டு பாதங்கள்தான் உங்கள் ஸ்டாண்டு.

உண்மையான ஸ்டாண்டு இரட்டைக் காலாக, அகன்றதாக இருக்கட்டும். இருக்கை வாங்கும் பணத்தில் ஒரு பங்கை முதலில் இதற்கு ஒதுக்குங்கள்.

மலேசியாவில் ஜப்பானிலிருந்து வரும் பழைய கூடைச் சைக்கிள்கள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் சில, தாய்மார்களுக்கென்றே செய்யப்பட்டவை. ஸ்டாண்டு போட்டால் சைக்கிள் பாறைபோல நிற்கும். ஹேண்டில் பூட்டிக்கொண்டு திரும்பாமல் இருக்கும். கேரியர் தடித்த இரும்பு. ஜப்பானில் 2009 முதல், தகுதி பெற்ற சைக்கிள்களில் இரண்டு சிறு குழந்தைகளை ஏற்ற அனுமதி உண்டு. அதற்காகவே கனமான இந்தக் கட்டுமானம் பெருகியது. குழந்தை விழுந்தபின் நான் மாறியது அப்படியொரு பழைய சைக்கிளுக்குத்தான். எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடியின் மின்தூக்கியில் அதைத் திணிப்பது தினமும் ஒரு மல்யுத்தம். இருந்தும் இதைவிட நல்ல முடிவு நான் எடுத்ததில்லை.

முன்னாலா, பின்னாலா?

முன்னிருக்கை ஹேண்டிலுக்கும் உங்களுக்கும் நடுவில் வரும். குழந்தை உங்கள் கண்ணெதிரே இருக்கும், பேசிக்கொண்டே போகலாம், கூந்தல் வாசனை மூக்கில் படும். இதன் இன்பத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் எடை வரம்பு 15 கிலோ. அதாவது ஏறத்தாழ மூன்று வயதோடு முடிந்துவிடும். குழந்தையின் எடை ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புவதால் திருப்பங்களில் கை கனக்கும். முழங்காலை விரித்து மிதிக்க வேண்டியிருக்கும். என் உயரம் ஐந்தடி. முன்னிருக்கையோடு பத்து நிமிடம் ஓட்டினால் வாத்து நடப்பதுபோல் இருந்தது. குழந்தை தூங்கிவிட்டால் தலை முன்பக்கக் கம்பியில் விழும். ஹேண்டில் தண்டின் அமைப்பும் பொருந்த வேண்டும். சில வகைத் தண்டுகளுக்குத் தனியாக ஓர் இணைப்பு வாங்க வேண்டியிருக்கும். சைக்கிளைக் கடைக்கே உருட்டிக்கொண்டு போய்ப் பொருத்திப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பின்னிருக்கை 22 கிலோவரை தாங்கும். ஐந்து, ஆறு வயதுவரை ஓடும். முதுகும் தோளும் தலையும் உள்ளே அடங்கும். குறை, பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது. ஒரு செருப்பு போனது வீட்டுக்கு வந்தபின்தான் தெரியும். என்னைக் கேட்டால், ஒரே ஒரு இருக்கைதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் பின்னிருக்கை.

பின்னால் இழுத்துப் போகும் இரண்டு சக்கரக் கூண்டு வண்டிகளும் உண்டு. பூங்காவுக்குள் அருமை. ஜார்ஜ்டவுன் தெருக்களில், வரிசையாக நிற்கும் கார்களுக்கும் ஓடும் லோரிகளுக்கும் நடுவில், ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் என் பிள்ளையை இழுத்துப்போக எனக்குத் துணிவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் கப்சாய் எனும் சிறிய மோட்டார்சைக்கிளில் பிரம்பு நாற்காலி வைத்துப் பிள்ளையை உட்காரவைத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. என் மாமியார் வீட்டுப் பரணில் அப்படி ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். "உன் வீட்டுக்காரனே இதில் உட்கார்ந்து வளர்ந்தவன்தானே, எதற்கம்மா அத்தனை வெள்ளி கொட்டுகிறாய்?" என்று கேட்டார். "இதில் வார் இல்லையே அத்தை, கால் சக்கரத்துக்குள் போய்விடும்" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டுத் தன் தம்பியின் குதிகாலில் இருந்த தழும்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதன்பிறகு அந்த நாற்காலி பரணிலிருந்து இறங்கவில்லை.

இருக்கையில் எதைத் தொட்டுப் பார்ப்பது

குதிகால் தழும்பு எனக்கு ஆச்சரியம் தரவில்லை. சைக்கிளில் பின்னால் உட்காரும் குழந்தைகளுக்கு நேரும் காயங்களில், சுழலும் சக்கரக் கம்பிகளுக்குள் பாதம் சிக்குவது பெயர்போனது. ஆர்மீனியன் தெருச் சுவரில் 2012-இல் வரைந்த ஓவியத்தில், அக்காளின் பின்னால் ஒரு சிறுவன் சைக்கிளில் தொற்றிக்கொண்டிருப்பானே, அதன்முன் நின்று படம் எடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை. அந்தப் பையனுக்கு இருக்கையும் இல்லை, தலைக்கவசமும் இல்லை. சுவரில் இருக்கும்வரை அழகுதான்.

ஆகவே முதலில் காலைப் பாருங்கள். பாதம் வைக்கும் தட்டு ஆழமாக, உயரத்தை மாற்றக்கூடியதாக, பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் வாரோடு இருக்க வேண்டும். காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் அகன்ற பிளாஸ்டிக் மறைப்பு வேண்டும். குழந்தை காலை முழுதாக உதைத்தாலும் கம்பியைத் தொடக்கூடாது. கடையிலேயே உட்காரவைத்து உதைக்க விடுங்கள். அதற்குப் பயிற்சி தேவைப்படாது.

அடுத்து விரல். கூடைச் சைக்கிள்களின் சீட்டுக்கு அடியில் பெரிய சுருள்வில் இருக்கும். பின்னால் இருக்கும் குழந்தை அதைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் வில் நசுங்கும், விரலும் நசுங்கும். வில்லை மூடும் உறை விற்கிறார்கள். இல்லையென்றால் வில் இல்லாத சீட்டுக்கு மாறிவிடுங்கள்.

வார், தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கவட்டில் ஒன்று என ஐந்து இடத்தில் பிடிப்பதே சின்னக் குழந்தைக்குச் சரி. மூன்று இடத்தில் பிடிக்கும் வாரிலிருந்து ஒரு வயதுப் பிள்ளை தோளை நழுவவிட்டு வெளியே வந்துவிடும். பூட்டைக் குழந்தை திறக்கக்கூடாது, நீங்கள் ஒரு கையால் திறக்க வேண்டும். மற்றக் கை எப்போதும் சைக்கிளில்.

முதுகுச் சாய்வில், தலைக்கவசத்தின் பின்புறம் அடங்க ஒரு குழிவு இருக்கிறதா என்று பாருங்கள். பலரும் இதைக் கவனிப்பதில்லை. குழிவு இல்லாவிட்டால் கவசம் முதுகுச் சாய்வில் முட்டி, தலையை முன்னால் தள்ளிவிடும். பயணம் முழுக்கக் குழந்தை தன் மடியையே பார்த்துக்கொண்டு வரும்.

மெத்தை கழற்றித் துவைக்கக்கூடியதாக இருக்கட்டும். பிற்பகல் மழைக்கும் வியர்வைக்கும் நடுவில் வாழும் ஊர் இது. தண்ணீர் குடிக்கும் பஞ்சு ஒரு வாரத்தில் நாறிவிடும். வெயிலில் நின்ற சைக்கிளின் கறுப்பு இருக்கையிலும் உலோகக் கொக்கியிலும் உங்கள் கையை வைத்துப் பார்த்தபிறகே பிள்ளையை வையுங்கள்.

தரச் சான்றுக்கு ஐரோப்பியப் பொருளில் ஈஎன் 14344 என்ற எண்ணைத் தேடுங்கள். ஜப்பானியப் பொருளில் எஸ்ஜி முத்திரை. இரண்டும் இல்லாமல், எடை வரம்பும் அச்சிடாமல், இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் இருக்கைகளைத் தொடாதீர்கள். மலேசியாவில் 2020 முதல் காரில் குழந்தை இருக்கை கட்டாயம் என்பதால் பல வீடுகளில் அது இருக்கும். அதைக் கேரியரில் கயிறு போட்டுக் கட்டலாமா என்ற யோசனை வந்தால், உடனே ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

பொருத்துவது

பின்னிருக்கை இரண்டு வகையாகப் பொருந்தும். ஒன்று, சீட்டுக்கு அடியில் இறங்கும் குழாயில் ஒரு பிடியைப் பூட்டி, அதிலிருந்து இரண்டு வில்லெஃகுக் கம்பிகள் இருக்கையைத் தாங்குவது. கேரியர் தேவையில்லை. கம்பிகள் வளைந்து கொடுப்பதால் குழிகளின் அதிர்வு குழந்தைக்குக் குறைவாகப் போகும். பெரும்பாலான பிடிகள் 28 முதல் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் குழாய்க்கே பொருந்தும். நூலைச் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். பிடியை இறுக்கும்போது குழாயோரம் ஓடும் பிரேக் கம்பி நசுங்காமல் பாருங்கள்.

மற்றது கேரியர்மேல் பூட்டுவது. இதற்குக் கேரியரில் 27 கிலோ அல்லது அதற்கு மேல் என்று பொறித்திருக்க வேண்டும். 22 கிலோ பிள்ளையும் ஐந்து கிலோ இருக்கையும் சேர்ந்த கணக்கு அது. காய்கறிக் கூடைக்கென்று செய்த மெல்லிய அலுமினியக் கேரியரில் பெரும்பாலும் அதைவிடக் குறைவான எண்தான் இருக்கும்.

எந்த வகையானாலும் இருக்கையின் பக்கவாட்டில் ஈர்ப்பு மையத்தைக் காட்டும் ஒரு குறி இருக்கும். அது பின்சக்கர அச்சுக்கு 10 செண்டிமீட்டருக்கு மேல் பின்னால் போகக்கூடாது. போனால் முன்சக்கரம் இலேசாகி, மேட்டில் ஏறும்போது தூக்கிக்கொள்ளும். நானே ஆலன் சாவியோடு உட்கார்ந்து பொருத்தினேன். பிறகு எங்கள் பகுதிச் சைக்கிள் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) கொண்டுபோனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நான் தலைகீழாக மாட்டியிருந்த பிடியைக் கழற்றித் திருப்பி மாட்டினார். ஒரு மாதம் கழித்து வந்து மறுபடி போல்ட்டுகளை இறுக்கச் சொன்னார். அது நல்ல அறிவுரை.

தலைக்கவசம், மொட்டை, கொலுசு

ஒரு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 45, 46 செண்டிமீட்டர். கடையில் சிறுவர் அளவு என்று விற்கும் பல கவசங்கள் 48-இல்தான் தொடங்கும். நாடாவால் அளந்துகொண்டு போங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் சமமாக உட்கார வேண்டும். தாடைக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு சில கவனங்களும் தேவை. தண்ணீர்மலை முருகன் கோவிலில் மொட்டை அடித்துவிட்டு வந்த மறுநாள், அதுவரை கச்சிதமாக இருந்த கவசம் சட்டிபோல ஆடும். பின்புறத் திருகைத் திருகி மறுபடி சரிசெய்ய வேண்டும். காது குத்திய புண் ஆறும்வரை கவசத்தின் வார் தோட்டில் உரசும். அந்த வாரங்களில் சைக்கிளுக்கு விடுமுறை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். கொலுசுக்கு மேல் காலுறையை ஏற்றி, வாருள்ள காலணி போட்டுவிடுங்கள். ஓட்டுகிறவரின் துப்பட்டாவும் முந்தானையும் குழந்தையின் கொலுசைவிட ஆபத்தானவை. சக்கரம் ஒரு சுற்று வந்தால் போதும். முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகுங்கள், அல்லது அன்றைக்குத் துப்பட்டா வேண்டாம்.

அரிசி மூட்டை

இப்போது மளிகைக் கடைக்குப் போய்ப் பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்று வாங்கி வாருங்கள். எப்படியும் சமைக்கப் போகிறீர்கள். அதை இருக்கையில் வைத்து வாரைப் பூட்டி, அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் சுற்றுங்கள். ஏறுவது, இறங்குவது, மெதுவாகப் போய் எட்டுப்போல் வளைவது, சட்டென்று பிரேக் பிடிப்பது. பிரேக் பிடித்தபின் எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது என்பதை முன்பு இருந்த பழக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின் டயரில் காற்று போதுமா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். எழுந்து நின்று மிதிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பின்னால் இருக்கும் எடை ஊஞ்சலாக ஆடும்.

மூன்று நாள் அரிசியோடு ஓட்டுங்கள். எங்கள் மாடியில் இருக்கும் மலாய்க்கார மாக்சிக் (அம்மா) ஒருவர் என்னைப் பார்த்து, அரிசிக்குத் தலைக்கவசம் இல்லையா என்று கேட்டார். கேட்கட்டும்.

பிறகு பிள்ளை. வரிசை முக்கியம்: பை, தண்ணீர்ப் போத்தல், பணப்பை எல்லாவற்றையும் முதலில் ஏற்றுங்கள், சைக்கிளைச் சுவரோரம் இரட்டை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், கவசத்தை மாட்டுங்கள், கடைசியாகக் குழந்தையை ஏற்றுங்கள். இறங்கும்போது முதலில் குழந்தை. நடுவில் கைப்பேசி அடித்தால் அடிக்கட்டும். முதல் பயணம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

எங்கே, எப்போது

பினாங்கில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும். ஏழரையிலிருந்து ஒன்பதுவரை உங்கள் நேரம். வார நாளில் அது பள்ளிப் பேருந்துகளுக்கும் தொழிற்சாலைப் பேருந்துகளுக்கும் உரிய நேரம் என்பதால் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குங்கள். கர்ப்பால் சிங் கடலோரம், குவீன்ஸ்பே பக்கத்துக் கடற்கரைச் சைக்கிள் பாதை ஆகியவை தட்டையானவை. பாலிக் பூலாவின் வயலோரச் சாலைகள் இன்னும் அழகு. ஆனால் நடுவில் இருக்கும் மலைச்சாலையைப் பிள்ளையோடு மிதித்து ஏறாமல் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போங்கள். பத்து ஃபெரிங்கி வளைவுகள் வேண்டவே வேண்டாம்.

ஜார்ஜ்டவுனுக்குள் போனால் திறந்த லோங்காங்குகளையும் (சாலையோரக் கால்வாய்களையும்) அவற்றின்மேல் போட்டிருக்கும் இரும்புக் கம்பி மூடிகளையும் கவனியுங்கள். சக்கரம் சிக்கும் இடைவெளி சிலவற்றில் உண்டு. குறுக்காகவே கடக்க வேண்டும். தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் ரதம் போன சாலைகளில் உடைத்த தேங்காய்ச் சில்லுகள் கிடக்கும், இளநீர் வழுக்கும். அந்த வாரம் நடந்தே போய் முருகனைக் கும்பிடலாம். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் சைக்கிள் வீட்டிலேயே இருக்கட்டும்.

பழைய இருக்கை

கைமாறி வரும் இருக்கையை வாங்குவதில் தவறில்லை, மூன்று நிபந்தனைகளோடு. பிளாஸ்டிக்கை வளைத்துப் பாருங்கள். நம் வெயிலில் வருடக்கணக்கில் நின்றது வெளுத்து, நொறுங்கும் நிலையில் இருக்கும். பாதவார், தோள் மெத்தை, பிடியின் திருகு எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். எப்போதாவது விழுந்ததா என்று நேருக்கு நேர் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

என் முதல் இருக்கையைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். வெளியே ஒரு சிறு கீறல்தான் தெரிந்தது. உள்ளே எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? வார்கள் ஐந்தையும் கத்தரிக்கோலால் வெட்டி, இனி யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி செய்து, அடித்தளத்துக் குப்பை அறையில் போட்டேன். அன்றே அந்தத் தலைக்கவசத்தையும்.